மூடிக் கணக்கு

மல்லாவிச் சந்தியில் என் கடை.
மேல்தட்டில் மருந்துப் போத்தல்கள்,
லாச்சிக்குள் கடன் கொப்பி.
எதில் நஞ்சு கூட என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினால் தெரியும்:
முதல் காலபோகம், டாங்கிக்கு ஒரு மூடி.
அடுத்ததில் ஒன்றரை.
அதற்கடுத்ததில் இரண்டு, பத்தாம் நாள் மறுபடி இரண்டு.
பிறகு புதுப் பெயர், சிவப்பு மூடி, விலையும் இரட்டை.
அதுவும் மூன்று போகம்தான் தாங்கியது.
சாகாமல் மிஞ்சியவை பெற்ற பிள்ளைகளுக்கு
சாப்பாடு விற்றிருக்கிறேன்,
இத்தனை வருசமும், ரசீது போட்டு.

போன கிழமை குணபாலசிங்கத்தார்
மேசையில் கையை ஊன்றிச் சொன்னார்:
"தம்பி, அறக்கொட்டியான் உன்ரை மருந்திலை குளிச்சுப்போட்டு
தலை துவட்டுது."

துஷ்யந்தியின் பக்கம் மட்டும்
இரண்டு போகமாய் வெறுமை.
பழைய பாக்கி நாலாயிரத்து முந்நூறு.
கேட்கத்தான் போனேன்.

வவுனிக்குளத்து வாய்க்காலுக்குக் கீழே
சேற்றில் முழங்காலூன்றி இருந்தாள்.
முகமாலையில் ஏழு வருசம் கண்ணிவெடி எடுத்தவள்;
அதே இருப்பு, அதே ஆறுதல்.
நான்கு தடி நட்டு ஒரு சதுரம்,
ஒரு கையால் பயிரைச் சாய்த்து
அடித்தண்டைப் பார்க்கிறாள்.

"கிட்ட வராதேங்கோ, மிதிச்சுப் போடுவியள்."
எதை என்றேன்.
"என்ரை ஆக்களை."

முட்டைப் பொட்டலத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு
தண்ணீர்மேல் ஓடியது ஒரு சிலந்தி.
தாளின் இடுக்கில் எள்ளளவு பச்சைப் பூச்சி ஒன்று:
தத்தி உள்ளே ஒளித்த முட்டையைத்
தேடிக் குத்திக் குடிக்குமாம்.
வரம்பு நெடுக எள்ளும் பயறும் பூத்திருந்தன.
யாருக்கு?
"குளவிக்கு. கண்ணுக்குத் தெரியாது உங்களுக்கு.
அதுக்கும் தேன் வேணுமெல்லே."

தத்தி பதினாலு, சிலந்தி ஆறு.
பள்ளிக்கொப்பியில் எழுதினாள்.
அடிக்க வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லி
தடிகளைப் பிடுங்கி அடுத்த சதுரம் நட்டாள்.

"அங்கை ஒண்டை விட்டாலும் கால் போயிடும், அண்ணை.
எல்லாத்தையும் எடுக்கோணும்.
அந்தப் பழக்கத்திலைதான் இங்கையும் அடிச்சனான்,
ஒண்டும் மிஞ்சக்கூடாது எண்டு.
முதல் செத்தது சிலந்திதான்.
கொஞ்சத் தத்தி கிடக்கோணும்.
இல்லாட்டி இவை என்னத்தைத் தின்னுறது?"

மேற்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு
பயிர் வட்டமாய்க் கருகியிருந்தது.
மறைக்கவில்லை அவள். "அது போச்சு" என்றாள்.
வரம்புக்கு அப்பால் குணபாலசிங்கத்தாரின் வயலில்
வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கிடந்தன.
அங்கே அடித்த மருந்து காற்றோடு வந்த இரவில்
ஓரத்து இரண்டு சதுரமும் வெறும் ஈரம்தான்;
கொப்பியில் சிலந்தி பூச்சியம்.
"அவருக்கு விக்காதேங்கோ எண்டு
நான் சொல்லேலாது" என்றாள், நிமிராமல்.

ஆயிரம் ரூபாய் தந்தாள். மிச்சம் அறுவடைக்கு.
ஒரு பை பயறும் சைக்கிளில் கொழுவினாள்.

அடுத்த நாள் குணபாலசிங்கத்தார் வந்தார்.
சிவப்பு மூடி இன்னும் ரெண்டு என்றார்.
என் கை தட்டுவரை போய் நின்றது.
கொம்பனிக்குத் தவணை வெள்ளிக்கிழமை.
"அடித்தண்டைச் சாய்ச்சுப் பாத்தனீங்களோ?" என்றேன்.
கடைக்காரன் கேட்கிற கேள்வியா இது
என்பதுபோல் பார்த்தார்.

வாங்கிக்கொண்டுதான் போனார்.
ஒன்று. ரெண்டில்லை.

பேரை எழுதி, மூடி என்று எழுதி,
பக்கத்தில் இன்னொரு கோடு கீறினேன்.
தலைப்பில் சிலந்தி.
அதன் கீழே நிரப்ப
என்னிடம் இன்னும் எண்ணிக்கை இல்லை.